என் பேரில் படுத்திருந்தவள்

எனக்கு என் தங்கச்சி மேல் பொறாமை. இதைச் சொல்ல வெட்கப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அவள் பிறந்த புதிதில் தூளியைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்த்தேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். எனக்கு அது நினைவில்லை. ஆனாலும் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. எங்களுக்குள் இரண்டு வயது வித்தியாசம். ஒரே அச்சில் ஊற்றிய இரண்டு ஜாடி மாதிரி முகம். நிறம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். கருவேப்பிலங்குறிச்சியில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவளைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை விருத்தாசலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து, களிமண்ணோடு கலந்து, ஜாடியும் கோப்பையும் மின்சாரத்துக்கு வைக்கிற கட்டைகளும் செய்கிற கம்பெனி. இரண்டு வருஷம் கழித்து, அதே கம்பெனியில் சூளை பார்க்கிற ஒருவரை என் வீட்டுக்காரரே பேசித் தங்கச்சிக்கு முடித்துவைத்தார். சகலைகள் இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். அதுவரைக்கும் கணக்கு சமமாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு கார்டு, அவளுக்கும் ஒரு கார்டு.

கார்டு என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனியில் நிரந்தரமான ஆளுக்குக் கெட்டி அட்டையில் ஒன்று கொடுப்பார்கள். அதில் அவர் பேர், பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர், வயது எல்லாம் எழுதியிருக்கும். போட்டோ கிடையாது. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகக் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் காசு கேட்காமல் பார்ப்பார்கள். இங்கே முடியாததைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு டைபாய்டு வந்தால் ஒரு காணி நிலம் போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் நான். தாலிக்கு அடுத்தபடி அந்த அட்டையைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

பிறகு வீடு வந்தது. கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு வீடு கட்டும் சொசைட்டி தொடங்கி, வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டிப் பதினைந்து வருஷத் தவணையில் கொடுத்தார்கள். பத்திரம் சொசைட்டி இரும்புப் பெட்டியில் இருக்கும். தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வேலையை விட்டாலோ, வேலையிலிருந்து எடுத்துவிட்டாலோ பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடு போய்விடும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு அவர் சோறு போடச் சொல்லிவிட்டு அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்.

“இனிமே பதினஞ்சு வருஷம் அந்த மேஸ்திரி மூஞ்சிய பாத்துதான் ஆவணும்” என்றார்.

“பாத்தா என்னாங்க, கண்ணா அவிஞ்சி பூடப்போவுது” என்றேன் நான்.

எனக்குச் சொந்த வீடு. தங்கச்சிக்கு வாடகை வீடு. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு படி மேலே நின்றேன். புதுமனை புகுவிழாவில் அவளை வாசலில் நிற்கவைத்து, கிணறு, பின்கட்டு, மாடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். “நல்லாருக்குதுக்கா” என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு பதினைந்து வருஷம் கடன் வாங்கலாம் என்றிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. தங்கச்சி வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் சூளைச் சூட்டைப் பற்றித் தகராறு வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடன் இல்லாத ஆள். துண்டை உதறினால் போதும். கம்பெனி இருந்த எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சின்னதாகச் சொந்தச் சூளை போட்டார். அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை. கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். பட்டால் தெரியும் என்று நினைத்தேன்.

பட்டது நான்தான். அவள் புருஷன் மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட்டார். மாசிமகத்துக்குப் பழமலைநாதர் கோயில் தேரை அவள் புருஷனோடு நின்று பார்த்தாள். நான் பக்கத்து வீட்டுக்காரிகளோடு பார்த்தேன். நினைத்தால் கொட்டகையைப் பூட்டிவிட்டு வாரத்தின் நடுவில் மேட்னி ஷோவுக்குக் கிளம்புவார்கள். என் வீட்டுக்காரரோ ஷிப்டு முடிந்து புருவம் முதல் கால்வரை வெள்ளை மாவு அப்பிக்கொண்டு வருவார். அவர் முதலில் ஜாடிகளை மெருகுக் குழம்பில் முக்குகிற பகுதியில்தான் இருந்தார். சொசைட்டி வீடு வாங்கிய பிறகு கல் அரைக்கிற மில்லுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தூசியில் நிற்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கடன் இல்லாதவனைப் போட்டால் ஓடிப்போவான். “சொசைட்டி வூட்டுக்காரன் எங்க போவப்போறான்” என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மில்லில் நின்றவர்கள் எல்லோருமே எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள்தான்.

“சகல கூப்புட்றான். ரெண்டு பேரும் சேந்து பெரிய சூளையா போடலாங்கிறான்” என்று இவர் அவ்வப்போது தொடங்குவார்.

நான் சண்டை போட மாட்டேன். “வூடு?” என்று கேட்பேன். கொஞ்சம் முனகினால் “கார்டு?” என்று கேட்பேன். அதோடு எழுந்து குளிக்கப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு பல வருஷம் குடும்பம் நடத்தினேன். ஆனால் அவர் குளிக்கப் போன பிறகு, தங்கச்சி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்து வயிறு எரியும்.

அவளுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. பிள்ளை. இரண்டு தடவை தரித்துக் கலைந்துவிட்டது. எனக்கு ஒரு பெண் இருந்தாள். பிறகு தங்கச்சிக்கு உதிரப் போக்கு தொடங்கி நிற்கவே இல்லை. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், இடமில்லை, சில மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள். தனியார் டாக்டர் சொன்ன தொகைக்குச் சூளையையும் கொட்டகையையும் விற்றாலும் போதாது. அவள் வெளுத்துக்கொண்டே போனாள்.

அம்மா ஊரிலிருந்து கிளம்பி நேராக என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மாப்ள, ஒங்க கார்டுல காட்டுனா என்னா? மூஞ்சி ஒண்ணுதான். போட்டோவா இருக்குது அதுல?” என்றாள்.

கார்டு இரவல் கொடுப்பது எங்கள் வரிசையில் நடக்காத காரியம் இல்லை. அண்ணன் பிள்ளை இருமலுக்குத் தம்பி பிள்ளை பேரில் மருந்து வாங்குவார்கள். ஆனால் யாரும் ஆபரேஷனுக்குக் கொடுத்ததில்லை. மாட்டினால் வேலை போகும். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் “சரிங்க அத்த” என்றுவிட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. என் வயிற்றைத்தான் இரவல் கேட்கிறார்கள் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு என் முகம் தெரியாத புது டாக்டர் மாற்றலாகி வந்திருந்தார். என் வீட்டுக்காரர் தங்கச்சியை அழைத்துக்கொண்டு போய், என் பேரைச் சொல்லிக் காட்டினார். டாக்டர் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்று இவர் லீவு எழுதிக் கொடுத்தார். என் பேர் கொண்ட பெண் திருச்சியில் கட்டிலில் படுத்திருக்கும்போது, நான் விருத்தாசலத்தில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆகவே என்னை மகளோடு வேப்பூர்ப் பக்கம் பெரியம்மாவின் கொல்லையில் இருந்த ஒற்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுற்றிலும் வரகுப் பயிரும் மல்லாட்டைச் செடியும்தான். மனித முகமே கிடையாது. நான் என்ன தப்பு செய்தேன், எனக்கு ஏன் இந்தக் காட்டு வாசம் என்று மாட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் என் வீட்டுக்காரர்தான் புருஷன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது அவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர். தங்கச்சியின் சொந்தப் புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, நர்ஸிடம் “நான் பேஷண்டோட அண்ணங்க” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். இதைப் பிற்பாடு எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைக் கட்டியவன் தங்கச்சியையும் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. என் பெரியப்பா வீட்டிலேயே நடந்திருக்கிறது. அந்தக் கொல்லையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் இதையே நினைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து, அவளை வாடகை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தபோது, வேப்பூரிலிருந்து திரும்புகிற வழியில் பார்க்கப் போனேன். அவள் உடம்பு எப்படியிருக்கிறது என்றுதான் கேட்டேன். அவள் சொன்னது இது.

“மாமா என்னா மாதிரி பாத்துக்கிட்டாரு தெரியுமாக்கா. ஆரஞ்சுப் பழத்த உரிச்சி, மேல இருக்கிற நாரெல்லாம் எடுத்துட்டு, ஒவ்வொரு சொளையா குடுத்தாரு. பக்கத்துக் கட்டுலுக்காரிங்கல்லாம் ஒன் வூட்டுக்காரரு தங்கம்னாங்க.”

நான் மகளைப் பெற்றபோது அந்தத் தங்கம் ஷிப்டு முடிந்து, மறுநாள், வெறுங்கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பழமாவது தோலாவது. அவள் சாகப் பிழைத்து வந்திருக்கிறாள் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு அதையெல்லாம் கேட்கவில்லை. அந்த ஆரஞ்சு நார் என் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இதற்கு மேல் ஒரு கூத்து பாக்கி இருந்தது. நான் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன், கர்ப்பப்பை எடுத்தவளாக. வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரி என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, “நீ தூக்காத புள்ள, தையலு பிரிஞ்சிக்கும்” என்று அதட்டினாள். இல்லாத வலிக்கு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மெதுவாக உட்கார்ந்தேன், மெதுவாக எழுந்தேன். சூப்பு நன்றாகத்தான் இருந்தது. வலியெல்லாம் தங்கச்சிக்கு, வேஷமெல்லாம் எனக்கு.

இவரோடு நான் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் மகளிடம் விசாரித்திருக்கிறார். “அம்மா எப்பப் பாத்தாலும் ஆரஞ்சு ஆரஞ்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்குது” என்று அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் ஜங்ஷன் கடையில் அரை டஜன் ஆரஞ்சு வாங்கிவந்து, கைகால் கழுவி, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தார். நாரையும் எடுத்தார். நகக்கண்ணில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது? சாப்பிட்டேன். அதன் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தோம்.

அந்தக் கொஞ்ச காலத்தில்தான் நான் முழுகாமல் ஆனேன்.

மகள் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இனி இல்லை என்று விட்டிருந்தேன். உறுதியானதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றக்கூடப் போய்விட்டேன். தீக்குச்சியைக் கிழித்த பிறகுதான் நினைவு வந்தது. எனக்குத்தான் கர்ப்பப்பை கிடையாதே. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கம்பெனிக்கு அப்படித்தான் தெரியும். சூப்பு கொண்டுவந்த அத்தனை பெண்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

இவரிடம் சொன்னேன். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கலைச்சிடலாமா?” என்றார்.

“கலைக்க மாட்டேன்.”

“அப்பன்னா ஆபீசுல போயி உண்மைய சொல்லணும். மொத வேல போவும். வேல போனா சொசைட்டிக்காரன் பாக்கிய கேப்பான். வூடு போவும்.”

பல வருஷமாக நான் அவர் வாயை அடைத்துவந்த இரண்டு வார்த்தையும் இப்போது என் பக்கம் திரும்பி நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், பெற்ற பிள்ளையை எங்கே மறைப்பது?

தீர்வு சொன்னது தங்கச்சி. அம்மா அவளையும் கூட்டிவந்திருந்தாள். அவள் சுவரோரம் உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எதுவும் தெரியாத வயிறு. ஆனாலும் அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். நான் அவளைப் பார்க்கிற பார்வைதான் அது.

“எனக்குப் பொறந்ததுன்னு சொன்னா யாரும் எதும் கேக்க மாட்டாங்கக்கா” என்றாள் மெதுவாக. “எனக்கு ஆபரேஷன் ஆனது யாருக்குத் தெரியும்?”

அது உண்மை. ஊருக்குத் தெரிந்தவரையில் எங்கள் இருவரில் பிள்ளை பெறக்கூடியவள் அவள்தான். யோசித்து யோசித்துப் பார்த்தும் வேறு வழி அகப்படவில்லை. “மொதப் புள்ளைய எவளும் தத்து குடுக்க மாட்டா, ஒடனே நாம வாங்கிக்கிட்டா ஊரு சந்தேகப்படும்” என்றார் இவர். “கடன் முடியட்டும். அதுக்கப்பறம் வேலையே போனாலும் வூடு நம்மளுது. அப்ப போயி நம்ம புள்ளைய கேட்டு வாங்கிக்கலாம்.” அம்மா நடுவில் விளக்கை வைத்து, எங்கள் மூன்று பேரையும் அதன் மேல் கை வைக்கச் சொன்னாள். கடன் முடிந்ததும் பிள்ளை எனக்கு. தங்கச்சியும் கை வைத்தாள்.

வயிறு தெரியத் தொடங்குவதற்கு முன்பே, காற்று மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வேப்பூர் கொல்லைக்குப் போனேன். மாதம் நெருங்கியதும் தங்கச்சி சேலைக்குள் துணி கட்டிக்கொண்டு, பிரசவத்துக்குப் போகிறேன் என்று விருத்தாசலத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அவள் தெருவில் வளைகாப்புகூடப் போட்டிருந்தார்கள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வெறுங்கையோடு இருந்த நான்தான் பெற்றேன். ஆண் பிள்ளை. மருத்துவச்சி வாங்கித் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

ஒரு மாதம் நான் பால் கொடுத்தேன். அப்புறம் அவள் பெட்டியைக் கட்டினாள். கிளம்பின அன்றைக்குப் பெரியம்மா வேப்பூர் ரோட்டிலிருந்து மல்லிகைப் பூ வாங்கிவரச் சொல்லி, பால் வற்றுவதற்காக என் மார்பில் வைத்துக் கட்டினாள். பூவின் வாசனையோடு நான் பாயில் கிடந்தேன். கண்ணாடி வளையல் குலுங்க அவள் என் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடந்து போனது ஜன்னலில் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு இருந்தது பொறாமை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. இன்றைக்கும் எனக்கு மல்லிகை ஆகாது.

அவன் விருத்தாசலத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வளர்ந்தான். காதுகுத்துக்கு நான் தட்டு வரிசையோடு போனேன், பெரியம்மாவாக. “பெரியம்மா சாடை அப்டியே இருக்குது” என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். “அக்கா தங்கச்சி ஒரே மொகந்தான” என்று தங்கச்சி உடனே சொல்லி மழுப்பினாள். அவன் தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடத்துக்கு அழுதது எல்லாம் அவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் கோபம் வரும். சொன்னால் அதைவிடக் கோபம் வரும். அவன் அப்பாவின் சூளைக் கொட்டகையில் களிமண்ணை உருட்டி உருட்டி யானை செய்வான். ஒன்றைச் சுட்டு எனக்குக் கொடுத்தான். அதை என் மகள்கூடத் தொடக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நான் கடன் முடிகிற நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பெண்கள் தீபாவளி எப்போது, பொங்கல் எப்போது என்று பார்ப்பார்கள். நான் தவணை எத்தனை பாக்கி என்று பார்த்தேன். இவர் மில்லை விட்டு வேறு பகுதிக்கு மாறக்கூடக் கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாமல், யாரிடமும் சண்டை போடாமல், மேஸ்திரி சொன்ன இடத்தில் நின்று கல்லை அரைத்தார். அவசரநிலைக் காலத்தில் மற்ற ஆம்பளைகளைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள் என்று ஆபீசில் நெருக்கியபோது இவரை மட்டும் விட்டுவிட்டார்கள். பெண்டாட்டிக்குத்தான் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டதே. அதற்கும்கூட எங்கள் வரிசையில் பொறாமைப்பட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் இவர் பத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “வர்ற ஞாயித்துக்கெழம தங்கச்சி வூட்டுக்குப் போயி கேக்கப்போறேன்” என்றேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. கொஞ்ச காலமாகவே இருந்த இருமல்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார்.

“எக்ஸ்ரே எடுத்தாங்க. நெஞ்சு முழுக்க கல்லு மாவுதானாம். தீராதுங்கறாங்க. ஊசியும் மாத்திரையும் இருக்கிற வரைக்கும் ஓடுமாம்.” அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். “பையன் விசயம் வெளிய வந்தா மொத போறது வேல. கூடவே கார்டு. இந்த ஊசிய வெளிய வாங்கி நம்மளால முடியுமா?”

வீட்டுக்காகக் கல் அரைத்தார். கல் நெஞ்சுக்குள் போனது. நெஞ்சுக்காகக் கார்டு வேண்டும். கார்டுக்காக மறுபடியும் கல் அரைக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை இதுதான். அதற்குள் அவன் மீசை வைத்த ஆளாகியிருப்பான். நான் அவரைத் திட்டியிருக்கலாம். ஆனால் அவர் பேசியது நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத்தான். உள்ளே போய் உலை வைத்தேன்.

பத்திரம் வந்ததைச் சாக்கிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி குடும்பத்தையே சாப்பிடக் கூப்பிட்டார் இவர். விளக்கின் மேல் கை வைத்ததை அவள் மறந்திருக்க மாட்டாள். வந்ததிலிருந்து அவள் பையனை விட்டு நகரவில்லை. சாப்பாட்டில் கை வைத்து வைத்து எடுத்தாள். கடைசியில் இவர் தன் சகலையிடம், எனக்கும் கேட்கிற மாதிரி, “இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும் சகல, எனக்கு ஒடம்பு செரியில்ல” என்றார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அப்புறம் அவள் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பையன் பின்கட்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் பள்ளத்தை மேடாக்கக் கம்பெனியின் உடைந்த பீங்கானைத்தான் கொட்டுவார்கள். எங்கள் கொல்லையிலும் மண்ணைக் கிளறினால் சில்லுதான். அவன் கத்துகிற சத்தம் கேட்டது. நான் துவைக்கிற கல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவனுக்கு நான்தான் பக்கம். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, பாதத்தில் ரத்தம் சொட்ட, “அம்மா” என்று அழுதபடி என்னை நோக்கி ஓடிவந்தான். நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

அவன் என் கைக்குப் பக்கத்தில் புகுந்து, என்னைத் தாண்டிக்கொண்டு, சமையல்கட்டு வாசலில் நின்ற தங்கச்சியிடம் போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனை மடியில் உட்காரவைத்து, பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“அக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் எடுத்தாயேன்.”

என் வீட்டில் மஞ்சள்தூள் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். எடுத்துக்கொண்டு வரப் போனேன்.